டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஓட்டை விதிகளும் ஓட்டை ஒப்பந்தமும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10 தங்கக் காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. ஒரு வீரன் தன் கவசம், வாள், கயிறு எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 1600 காசு எடையைத்தான் சுமக்க முடியும். பாதாள அறையில் 2000 காசு கொட்டிக் கிடக்கிறது. கையில் இருக்கும் தீவட்டி இன்னும் 20 நிமிடத்தில் அணைந்துவிடும். ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஏதாவது ஒரு பூதம் அந்தப் பக்கம் வந்து சேர ஆறில் ஒரு வாய்ப்பு. இப்போது அவன் என்ன செய்வான்?

காஸ்ட் அக்கவுண்டிங் வினாத்தாளில் வந்த கேள்வி என்று நினைத்தால் தப்பு. (எங்கள் துறையில் இவ்வளவு சுவாரசியமாகக் கேள்வி எடுக்க மாட்டார்கள்.) 1981ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆரம்பநிலைப் பெட்டியில் இருக்கும் விதிகள் இவை. சுருக்கமாக டி அண்ட் டி. இந்த விளையாட்டு பிறந்த கதையும் அதை வெளியிட்ட கம்பெனியின் கதையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகின்றன. முதல் கதை என்னைக் கவர்ந்தது. இரண்டாவது, காமர்ஸ் படிக்கும் எவனையும் கொஞ்சம் பயமுறுத்தும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு முன்கதை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர். பாதாள அறைகளின் வரைபடம் அவரிடம் மட்டும் இருக்கும். "எதிரே ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் முனகல் சத்தம்" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஏதாவது ஒன்று. "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதும். நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். காய் நகர்த்தும் பலகை கட்டாயம் இல்லை. ஜெயித்தவர் தோற்றவர் என்று முடிவும் இல்லை. அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இது திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1824ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி தர வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார். பெயர் கிரீக்ஸ்ஷ்பீல். அதில் நடுவர் உண்டு, பகடை உண்டு, பக்கம் பக்கமாக விதிகளும் உண்டு. விதிகள் பெருகிப் பெருகி ஆட முடியாத அளவுக்குப் போயின. 1876ல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவமுள்ள நடுவர் இருந்தால் அட்டவணைகளே தேவையில்லை, அவர் தீர்ப்பே போதும் என்று எழுதினார். விதி பெரிதா நடுவர் பெரிதா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சண்டைதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

அமெரிக்க ராணுவத்தில் டாட்டன் என்பவர் 1880ல் 'ஸ்ட்ராட்டெகோஸ்' என்று இதே மாதிரி ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கண்ணில் அது பட்டது. விதியில் இல்லாத எதையும் வீரர்கள் முயன்று பார்க்கலாம், நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்ற யோசனையை அவர் பிடித்துக்கொண்டார்.

1969ல் வெஸ்லி ஒரு ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர். இரண்டு படைகள் வந்து மோத வேண்டியது. ஆனால் ஆட வந்தவர்கள் அதிகம். சரி என்று மற்றவர்களுக்கு ஊரிலேயே வேலை கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். படைகள் ஊருக்குள் வருவதற்குள்ளேயே இவர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசவும் சதி செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள். வெஸ்லியால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று நொந்துபோனார். ஆடியவர்களோ, "அடுத்தது எப்போது?" என்று கேட்டார்கள்!

அப்படிக் கேட்ட கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னிசன். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். வெஸ்லி ராணுவப் பணிக்குப் போனதும் நடுவர் வேலை ஆர்னிசனிடம் வந்தது. ஒரு வார இறுதி முழுக்கப் பேய்ப்படம் பார்த்து, கோனன் கதைகள் படித்து, பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தபோது யோசனை வந்ததாக ஆர்னிசன் பின்னாளில் சொன்னார். நண்பர்களை நெப்போலியன் காலத்திலிருந்து தூக்கி, பிளாக்மூர் என்ற கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் போட்டார். இது 1971 வாக்கில்.

சண்டைக்கு விதி வேண்டுமே? விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் என்பவர் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து 1971ல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிகளை ஆர்னிசன் எடுத்துக்கொண்டார். அதன் கடைசிப் பகுதியில் டிராகன், மந்திரவாதி எல்லாம் உண்டு. ஆனால் அதில் ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. பொம்மைப் படைக்கு அது சரி. வாரக்கணக்காக வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் போனால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆர்னிசன் கப்பல் போர் விளையாட்டு ஒன்றிலிருந்து ஒரு வழியை எடுத்தார். ஒரு கப்பல் மூழ்குவதற்குள் எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைப்பது போல ஒரு மனிதனுக்கும் கணக்கு. இன்றைக்கு எல்லா வீடியோ கேமிலும் இருக்கும் உயிர்ப் புள்ளிகளின் மூலம் அதுதான்.

கைகாக்ஸ் சிகாகோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970ல் வேலை போனது. பிறகு வீட்டின் அடித்தளத்தில் செருப்புத் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். மாலையில் விளையாட்டு விதி எழுதினார். 1968ல் லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, முதல் ஜென் கான் சந்திப்பை நடத்தியவரும் இவர்தான். அடுத்த வருடச் சந்திப்பில்தான் ஆர்னிசனும் இவரும் அறிமுகமானார்கள்.

1972 கடைசியில் ஆர்னிசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அசந்துபோனார். குறிப்புகளை அனுப்பச் சொன்னார். வந்தது கையெழுத்தில் இருபது பக்கம் போல. அதை வைத்துக்கொண்டு தட்டச்சில் உட்கார்ந்தார். கோட்டை ஒன்றைத் தானே வரைந்து, தன் பிள்ளைகளை முதலில் உள்ளே அனுப்பிச் சோதித்தார். ஆக, யோசனை ஆர்னிசனுடையது, எழுத்து பெரும்பாலும் கைகாக்ஸுடையது. இந்த ஒரு வரியை இரண்டு பேரும் ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தால் பிற்பாடு கோர்ட்டு வாசலை மிதித்திருக்க வேண்டாம்.

1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய பால்யகால நண்பர் டான் கேயும் டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ், சுருக்கமாக டிஎஸ்ஆர், என்ற கூட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அச்சுச் செலவுக்குப் பணம் போதவில்லை. பிரையன் புளூம் என்பவர் பணம் போட்டு மூன்றாவது பங்காளி ஆனார். 1974 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. 1000 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். கையாலேயே அடுக்கிக் கட்டினார்கள். அன்றைக்கு 10 டாலர் பெரிய தொகை. வாங்க முடியாத கல்லூரி மாணவர்கள் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டார்கள். (மாணவர்கள் எங்கேயும் மாணவர்கள்தான் :-))

அந்தப் புத்தகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படித்தால் புரியாது! சண்டைக்குச் செயின்மெயிலைப் பார் என்று சொல்லும். அது பெட்டியில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். காட்டு வழிப் பயணத்துக்கு அவலான் ஹில் கம்பெனியின் 'அவுட்டோர் சர்வைவல்' பலகையைப் பயன்படுத்தச் சொல்லும். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்பதற்கு அந்த மூன்று புத்தகத்தில் விளக்கமே கிடையாது. நடை வேகம் அங்குலத்தில். ஒரு அங்குலம் என்றால் சுரங்கத்துக்குள் 10 அடி, வெளியே வந்தால் 10 கஜம். கவசம் எவ்வளவு நல்லதோ எண் அவ்வளவு குறையும். வெறும் உடம்பு 9, முழு இரும்புக் கவசமும் கேடயமும் 2. குத்துவாளும் பெரிய கோடரியும் ஒரே அளவு காயம்தான் தரும். எல்ஃப் இனத்தவர் ஒரு ஆட்டத்தில் வீரனாகவும் அடுத்த ஆட்டத்தில் மந்திரவாதியாகவும் மாறிக்கொள்ளலாம். எப்படி என்று கேட்கக் கூடாது.

பகடை கதை இன்னும் வேடிக்கை. 4, 8, 12, 20 முகப் பகடைகள் அப்போது கடையில் கிடைக்காது. பள்ளிக்கூடங்களுக்குக் கணிதப் பொருள் விற்பவரிடம் வாங்கினார்கள். மட்டமான பிளாஸ்டிக். உருட்ட உருட்ட முனை தேய்ந்து உருண்டையாகிவிடும். எண்கள் கண்ணுக்குத் தெரியாது, கிரேயான் தேய்த்து நிரப்ப வேண்டும். 20 முகப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு முறை இருக்கும். ஒரு பாதிக்கு ஒரு நிறம், மறு பாதிக்கு வேறு நிறம் பூசி, இது 1 முதல் 10, இது 11 முதல் 20 என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 1979ல் பகடைக்கே தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டையை வைத்து அனுப்பினார்கள். வெட்டிக் குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் ஓடியது? ஓட்டை இருந்ததால்தான் ஓடியது என்பது என் கட்சி. யார் முதலில் அடிப்பது என்று புத்தகத்தில் இல்லையா? நாமே ஒரு விதி போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனி விதிகள் முளைத்தன. புத்தகம் வாங்கியவர் வெறும் வாடிக்கையாளர் இல்லை, பாதி ஆசிரியர். முதல் பதிப்பின் முடிவுரையே, மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்ற தொனியில்தான் இருந்தது.

நானும் அறை நண்பர்கள் மூவரும் பழைய விதிகளை அடியொற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு புத்தகத்தை வைத்து ஆடிப் பார்த்தோம். நான் நடுவர். முதல் நாள் அரை மணியில் இரண்டு பேர் செத்தார்கள். உயிர்ப் புள்ளி மூன்று, நாலு என்று இருந்தால் வேறென்ன ஆகும்? மூன்றாமவன் உஷாராகிவிட்டான். வாளை உருவவே இல்லை. நடைபாதையில் தண்ணீரைக் கொட்டி, எங்காவது உள்வாங்குகிறதா என்று பார்த்தான். உள்வாங்கினால் கீழே குழி! தண்ணீர் கொட்டுவதற்கு விதி இல்லை. ஆனால் அவன் சொன்னது நியாயம். குழி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் இந்த விளையாட்டு எனக்குப் பிடிபட்டது. அட்டைப் பக்கத்தில் இருக்கும் திறமைகளின் பட்டியலை அவன் பார்க்கவில்லை. நேராகத் தரையைப் பார்த்தான்.

இங்கேதான் முதலில் சொன்ன கணக்கு வருகிறது. 1981 விதிப்படி ஒரு வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஒரு ஓர்க்கைக் கொன்றால் கிடைப்பது 10. ஆக 200 ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். ஆனால் பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. 2000 காசு கொண்டுவந்தால் வேலை முடிந்தது. சண்டை நஷ்டம், திருட்டு லாபம். பூதத்துக்குத் தீனி போட்டுப் பேசி அனுப்புவது இன்னும் லாபம். காசைச் சுமக்கக் கூலியாள் வேண்டும், அவனுக்குச் சம்பளம் வேண்டும், பயந்தால் அவன் ஓடிவிடுவான். தீவட்டி ஒரு மணி நேரம்தான், நேரமே ஒரு செலவு. எதைச் செய்தால் பரிசு என்று தீர்மானித்துவிட்டால் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்பது தானாக வந்துவிடும் என்று மேனேஜ்மெண்ட் பாடத்தில் சொல்வார்களே, அதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

இனி இரண்டாவது கதை.

1975 ஜனவரி 31. டான் கேய் மாரடைப்பில் இறந்தார். வயது 36. பார்ட்னர்ஷிப் பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே, ஒரு பங்காளி இறந்தால் என்ன ஆகும் என்று பத்திரத்தில் எழுதி வை என்பதுதான். இவர்கள் அதற்கு ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை. கேயின் பங்கு அவர் மனைவிக்குப் போனது. அதை வாங்கிக்கொள்ள கைகாக்ஸிடம் பணம் இல்லை. டிஎஸ்ஆர் ஹாபீஸ் என்று புதிதாக ஒரு கம்பெனி உருவாக்கி அதன் மூலம் பழைய நிறுவனத்தை வாங்கினார்கள். பணம் போட்டவர்கள் பிரையன் புளூமும் அவர் அப்பாவும். கடைசிக் கணக்கில் கைகாக்ஸின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தான் எழுதிய விளையாட்டு, தான் தொடங்கிய நிறுவனம், ஆனால் ஓட்டுப் போட்டால் தோற்பார்.

அடுத்தது ஆர்னிசன். அவர் பங்காளி இல்லை, பெயரும் ராயல்டியும் மட்டும்தான். 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் மூன்று தடித்த புத்தகங்களாக 'அட்வான்ஸ்ட்' டி அண்ட் டி கொண்டுவந்தார். ஓட்டைகள் அடைபட்டன. எதற்கும் அட்டவணை. ஊருக்கு ஊர் மாற்றி ஆடக் கூடாது, போட்டிகளில் எல்லோரும் ஒரே விதியில் ஆட வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றவரும் இவரேதான். இது வேறு விளையாட்டு, ஆகவே ஆர்னிசனுக்கு ராயல்டி கிடையாது என்றது கம்பெனி. 1979ல் ஆர்னிசன் வழக்குப் போட்டார். 1981ல் சமரசம் ஆனது.

விதிகளை ஒழுங்குபடுத்த வேறு நியாயமான காரணங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஜென் கான் போட்டிகளில் நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறினால் சண்டை வரத்தான் செய்யும். புரியாத புத்தகத்தைப் பத்து வயதுப் பையனிடம் விற்கவும் முடியாது. ஆனாலும் அந்த வழக்கு நடந்த வருடத்தையும் அந்தப் புத்தகங்கள் வந்த வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கைகாக்ஸின் முறையும் வந்தது. 1980களின் நடுவில் கம்பெனி கடனில் தத்தளித்தது. நிர்வாகத்தைச் சீர்செய்ய அவரே லொரேன் வில்லியம்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார். 1985 அக்டோபரில் புளூம் குடும்பம் தங்கள் பங்குகளை அந்த வில்லியம்ஸிடமே விற்றுவிட்டது. கைகாக்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். 1975ல் பணம் இல்லாமல் விட்ட பங்கு பத்து வருடம் கழித்து அவரை வெளியே தள்ளியது. டிஎஸ்ஆரும் நிலைக்கவில்லை. 1997ல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999ல் அதை ஹாஸ்ப்ரோ சுமார் 325 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

இத்தோடு முடிந்திருந்தால் வழக்கமான கம்பெனிக் கதை. 2000ல் விசர்ட்ஸ் ஒரு காரியம் செய்தது. மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டது. 2006ல் சில பழைய ரசிகர்கள் அந்த உரிமத்தைப் பிடித்துக்கொண்டே அட்வான்ஸ்ட் விதிகளை மறுபடி எழுதி 'ஆஸ்ரிக்' என்று இலவசமாகக் கொடுத்தார்கள். 2007ல் 'லாபிரின்த் லார்ட்', 2008ல் 'ஸ்வார்ட்ஸ் அண்ட் விசர்ட்ரி', 2019ல் 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' என்று வரிசை. முப்பது வருடத்துக்கு முந்தைய அங்குலக் கணக்கையும் தீவட்டிக் கணக்கையும் தேடிப் பிடித்து ஆடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றிக் கட்டணம் கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டது. இனி திரும்பப் பெற முடியாது. ஜெராக்ஸ் எடுத்த மாணவர்கள் ஒருவழியாக ஜெயித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைகாக்ஸ் 2008 மார்ச்சில் காலமானார். ஆர்னிசன் 2009 ஏப்ரலில். பிரவுன்ஸ்டைன் ஊரை உருவாக்கிய வெஸ்லி பெயர் பெட்டியின் மேல் எங்கும் இல்லை.

எனக்கு இதில் கிடைத்த பாடம் இதுதான். ஓட்டைகளில் இரண்டு வகை. விளையாட்டு விதியில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பவர்கள் அதே மேசையில் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினேன் என்கிறான் ஒருவன், சரி என்கிறேன் நான். பணத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க வருபவர் அந்த மேசையில் ஒருநாளும் உட்காராதவர். அவர் கையில் பகடை இருக்காது, பங்குப் பத்திரம் இருக்கும்.

நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது தொழில் தொடங்கலாம் என்று கேண்டீனில் பேசாத வகுப்பு இல்லை. நாங்களும் பேசுகிறோம். தொடங்குங்கள். ஆனால் முதல் டீ ஆறுவதற்குள் ஒரு தாள் எடுத்து, யாருடைய யோசனை, யாருடைய பணம், ஒருவர் போய்விட்டால் அவர் பங்கு யாருக்கு என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மற்றதையெல்லாம் ஆடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பின்குறிப்பு: அந்த 2000 காசை எங்கள் மூன்றாமவன் எப்படி வெளியே கொண்டுவந்தான் என்று கேட்பவர்களுக்கு. 800 காசை எடுத்துக்கொண்டு மீதியைக் குழிக்குள்ளேயே தள்ளிவிட்டான். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வானாம். இன்னும் போகவில்லை, செமஸ்டர் வந்துவிட்டது.